ஸ்டீவ் மொண்டடோரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் உண்டா?

கேள்வி:
கனடாவின் ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் ஸ்டீவ் மொண்டடோர், ஓய்வுபெற்ற சிறிது காலத்திலேயே, 2015 பிப்ரவரி 15 அன்று தமது 35ஆம் வயதில் காலமானார். நான்கு நாட்கள் கழித்து அவருக்கு மகன் பிறந்தான். அவரைப் பற்றித் தேடினால் மூளைப் பரிசோதனையும் வழக்குமே முன்னால் வந்து நிற்கின்றன. ஆட்டத்தைப் பற்றி எழுதுவாரைக் காணோம். பார்த்தவர்கள் சொல்லுங்கள். தலைக்கவசம் அணிந்து ஆடியவரின் மூளை எப்படிச் சிதைந்தது என்பதையும் யாரேனும் விளக்கினால் நன்று.

மறுமொழி 1:
இளம் வீரர்களுக்கான தேர்வில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. கால்கரி அணி பின்னர் நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்படி நுழைந்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.இல் ஆறு அணிகளுக்காக 571 ஆட்டங்கள் ஆடினார் என்பதே எனக்குப் பெரிய செய்தி. கோல்கள் 33தான். ஆனால் 2004இல் மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில், சான் ஹோசே அணியின் சொந்தத் தளத்தில், கூடுதல் நேரத்தில் கோல் காப்பாளர் நபோகோவைத் தாண்டி அவர் அடித்த கோல்தான் கால்கரிக்கு 4–3 என்ற வெற்றியைத் தந்தது. அவ்வாண்டு லீக்கின் வெற்றிக் கோப்பையான ஸ்டான்லி கோப்பைக்கான இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம் வரை சென்று டம்பா பேயிடம் தோற்ற அந்த அணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கோல்தான். மூளையைப் பற்றிய பேச்சு இதையெல்லாம் மறைத்துவிட்டது என்பதே என் வருத்தம்.

மறுமொழி 2:
தலைக்கவசம் மண்டையோடு உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அதனால் தடுக்க முடியாது. ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகைச் சுவரில் உடல் மோதி நின்ற பிறகும் மூளை ஒரு கணம் நகர்ந்துகொண்டே இருக்கும். அந்த இழுவையில் நரம்பிழைகள் முறுக்கிக்கொள்ளும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அடிபட்டவர்கள் சிலருக்கு, மூளை மடிப்புகளின் ஆழத்தில், நுண்ணிய இரத்தக்குழாய்களைச் சுற்றி டாவ் என்ற புரதம் கட்டிகட்டியாகப் படிகிறது. இதைத்தான் சி.டி.இ. என்கிறார்கள். இறந்த பின் மூளையை வெட்டிச் சோதித்தால்தான் இது உறுதியாகும் என்பதால், உயிரோடு இருக்கும்போது மறதி, மனச்சோர்வு போன்ற அறிகுறிகளை வைத்து ஊகிக்க மட்டுமே முடியும். மொண்டடோரின் விருப்பப்படி அவரது மூளை டொரொண்டோ ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டது, சி.டி.இ. இருந்ததை 2015 மே மாதம் அறிவித்தார்கள்.

மறுமொழி 3:
முதலாவதாக எழுதிய நண்பருடன் நான் முழுவதும் உடன்படவில்லை. பக் என்ற ரப்பர் வட்டைத் தடுக்கத் தம் உடலைக் குறுக்கே போட்டதும், சக வீரருக்காகச் சண்டைக்கு இறங்கியதும்தான் அவரை அணியில் வைத்திருந்தன. அப்போது பட்ட அடிகளை விட்டுவிட்டு அவருடைய ஆட்டத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துப் போற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மொண்டடோர் இறந்த அதே ஆண்டில் அவருடைய தந்தை, தலையில் பட்ட அடிகள் தொடர்பாக என்.எச்.எல். மீது வழக்குத் தொடர்ந்தார். பழைய ஆட்டக்காரர்கள் பலர் சேர்ந்து நடத்திய வேறொரு வழக்கில் 2018இல் ஏறத்தாழ 1.9 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டபோதும் தன்மீது தவறு இருப்பதாக லீக் ஒப்புக்கொள்ளவில்லை. மொண்டடோர் குடும்பத்தின் வழக்கு அந்தச் சமரசத்தில் சேரவில்லை.