புதுப்பிப்பு: பித்தளை வால்வு பிரேசிங் கசிவு நின்றது

சிங்கப்பூர் துவாஸ் பட்டறையில் செம்புக் குழாயோடு பித்தளை வால்வைப் பிரேசிங் செய்தால் (கம்பியை உருக்கி இணைத்தால்), நைட்ரஜன் அழுத்தச் சோதனையில் சோப்பு நுரை கொப்பளிக்கிறது, ஏன் என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அண்ணன்மார்களுக்கு நன்றி.

காரணம் ஃபிளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் பூச்சு) பூசாததுதான். பாஸ்பரஸ் கலந்த செம்புக் கம்பியால் செம்பையும் செம்பையும் இணைக்கும்போது பாஸ்பரஸே ஆக்சைடைச் சுத்தம் செய்துவிடும். பித்தளைக்கு அது போதாது, ஃபிளக்ஸ் தனியாகப் பூச வேண்டும். பூசியதும் உருகிய கம்பி சரசரவென்று இடுக்குக்குள் ஓடியது. வால்வுக்குள் இருக்கும் சீல் கருகாமலிருக்க ஈரத்துணி சுற்றினோம்.

குழாய்க்கும் வால்வுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கச் சொன்னவருக்கு: அளந்தேன், 0.1 மில்லிமீட்டர் வாக்கில் இருக்கிறது. அது சரிதான். இன்னும் இறுக்கினால் உலோகம் உள்ளே ஏற வழியிருக்காது.

வெல்டிங் யோசனை வேண்டாம். பிரேசிங்கில் கம்பி மட்டும்தான் உருகும், குழாய் உருகாது. பித்தளையை வெல்டிங் சூட்டுக்குக் கொண்டுபோனால் துத்தநாகப் புகை கிளம்பும். மூடிய பட்டறையில் அதை யார் சுவாசிப்பது?

அப்புறம், அடுத்து எஃகு இணைப்பு வருகிறது. அதற்கு இந்தக் கம்பி ஆகாது. பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்தால் இணைப்பு நொறுங்கும். 45 சதவீத வெள்ளிக் கம்பி கேட்டிருக்கிறேன். விலையைக் கேட்டதும் முதலாளி முகம் மாறிவிட்டது.