புதுப்பிப்பு: பத்து நிமிஷத்துல நின்னுபோற டிராக்டர், காரணம் மாட்டிருச்சு

போன பதிவுல சொல்லிருந்தேன்ல, பழைய டீசல் டிராக்டர், ஸ்டார்ட் ஆகி பத்து நிமிஷம் ஓடி அப்புறம் இருமி இருமி நின்னுடுது, ஏர் எடுத்தா (டீசல் லைன்ல மாட்டின காத்த வெளியேத்தினா) மறுபடி ஓடுதுன்னு. பாதி பேர் டீசல அழுத்தி இன்ஜினுக்கு அனுப்புற இன்ஜெக்‌ஷன் பம்ப் போச்சு, கழட்டி சர்வீஸுக்கு குடுங்கன்னீங்க. நல்லவேளை அதுல கை வைக்கல.

டேங்க் மூடிய லூஸா வெச்சு ஓட்டிப் பாக்கச் சொன்னாங்க, அப்பவும் நின்னுச்சு, அப்போ டேங்குக்குள்ள காத்து போற மூடி ஓட்டைல அடைப்பு இல்ல. அப்புறம் டேங்க்ல இருந்து டீசல இழுக்குற ஃபீட் பம்புக்கு முன்னாடி உள்ள ஹோஸ கழட்டிட்டு கண்ணாடி மாதிரி தெரியுற டியூப் போட்டேன். டீசலோட கடுகு கடுகா குமிழி ஓடுது! இதுல டேங்க் கீழ இருக்கு, பம்ப் உறிஞ்சித்தான் எடுக்கணும், அதனால லீக் இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்துதான் உள்ள போகும், நான் பாட்டுக்கு ஈரம் எங்கன்னு துணிய வெச்சு ஒரு வாரம் தொடச்சுட்டு இருந்தேன்.

குற்றவாளி டீசல்ல இருந்து தண்ணி பிரிக்கிற கப்போட போல்ட்டுல இருந்த செப்பு வாஷர். கப்ப கழுவுனப்ப பழசையே திரும்பப் போட்டு முறுக்கின புண்ணியவான் நான்தான். புதுசு கைல இல்ல, பழசையே செவக்க காய்ச்சி தண்ணில போட்டேன், செப்பு மிருதுவாயிடும், எமரி பேப்பர்ல தேச்சு மாட்டியாச்சு.

முதல்ல ஃபில்டர், அடுத்து பம்ப், கடைசில டீசல தெளிக்கிற நாசிலோட நட்டுன்னு வரிசையா ஏர் எடுத்தேன். ரெண்டு மணி நேரம் உழுதாச்சு, நிக்கல. இப்ப பின்னாடி கலப்பையத் தூக்குற ஹைட்ராலிக் கை தானா இறங்குது, அதுக்கு தனிப் பதிவு போடுறேன்.