நாலு, ஐந்தாம் வகுப்புக்கு வாரத் திட்டம்: இலக்கணம் முதலிலா, எழுத்து முதலிலா?

கண்டனூர் டீச்சர்:

நாலும் ஐந்தும் ஒரே அறையில் உட்காரும் சின்னப் பள்ளி என்னுடையது. மொத்தம் 23 பிள்ளைகள். இரண்டாம் பருவத்துக்குத் தமிழ் வாரத் திட்டம் போட்டிருக்கிறேன். ஏழு பாடவேளையில் இரண்டு பாடநூலுக்கு. மிச்சம் ஐந்தும் இப்படி:

திங்கள்: போன வார நோட்டுகளில் அதிகம் பேர் விட்ட ஒரே ஒரு பிழை, இருபது நிமிடம். செவ்வாய்: குட்டி வாக்கியங்களைச் சேர்த்து எழுதுவது. புதன்: பாடவேளை முழுக்க எழுதுவது மட்டும், நான் வாய் திறக்க மாட்டேன். வியாழன்: பக்கத்துப் பிள்ளையின் நோட்டை வாங்கி அந்த வாரப் பிழையை மட்டும் தேடுவது. வெள்ளி: மூன்று பேர் எழுந்து வாசிப்பார்கள்.

இதைப் பார்த்த சக ஆசிரியர் ஒருவர் "இதில் இலக்கணம் எங்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அதிலிருந்து குழப்பம். ஏன் இப்படிப் போட்டேன் என்பதற்கு ஒரு ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"நேத்து எங்க அப்பத்தா வெள்ள பணியாரம் சுட்டாக. நான் ஆறு தின்னேன். அப்புறம் கடைக்கு போய் எண்ணை வாங்கி வந்தேன். எங்க வீட்டு கோழிங்க எல்லாம் கத்துச்சு."

சிவப்பு மையை எடுத்தால் நாலு வரிக்குப் பதினொரு திருத்தம் வருகிறது, எண்ணிப் பார்த்தேன். அத்தனையும் வட்டம் போட்டுக் கொடுத்தால் அடுத்த புதன் அவன் ஒரு வரிதான் எழுதுவான். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பள்ளத்தூர் வாத்தியார்:

பதினொன்று இருந்தால் பதினொன்றும் காட்ட வேண்டும் அம்மா. ஐந்தாம் வகுப்பில் விட்ட 'எண்ணை' பட்டப்படிப்பு வரைக்கும் வழுக்கும். நான் 34 வருடம் தொடக்கப்பள்ளியில் இருந்தவன், பார்த்துத்தான் சொல்கிறேன்.

உங்கள் திட்டத்தில் எனக்குப் பிடிக்காதது ஒன்றுதான். ஏணி இல்லை. இந்த வாரம் பிள்ளைகள் ஒருமை பன்மையில் விட்டால் அது, அடுத்த வாரம் ளகரத்தில் விட்டால் இது என்று போனால் பருவக் கடைசியில் எதுவும் கோவையாக நிற்காது. தொல்காப்பியரும் சரி, நன்னூல் செய்த பவணந்தியும் சரி, எழுத்தில் தொடங்கித்தான் சொல்லுக்குப் போனார்கள். எழுத்து, சொல், அப்புறம் தொடர். தினமும் காலையில் பத்துச் சொல் சொல்வதெழுதுதல். அது முடிந்தால்தான் மற்றது.

சா. கணேசன் 1939-ல் கம்பன் கழகம் தொடங்கிய காரைக்குடிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு 'கோழிங்க கத்துச்சு' என்பதைத் திருத்தலாமா வேண்டாமா என்று கேட்கிறோம் பாருங்கள்!

ஆத்தங்குடிப் பொண்ணு:

ஐயா, கம்பன் விழா மேடையில் நாலு விருத்தம் மூச்சு விடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளை எனக்கும் தெரியும். அதே பிள்ளையிடம் "உன் சைக்கிள் தொலைந்த கதையை எழுது" என்றால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன், சாயங்காலம் திண்ணையில் இதைத் தினமும் பார்த்தேன்.

பி.எட். படிக்கும்போது வாசித்த ஒன்றையும் சொல்கிறேன். 2007-ல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் என்ற இருவர் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான எழுத்துப் பயிற்சி ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியாகப் பிரித்து நடத்தியதில் பிள்ளைகளின் எழுத்துத் தரத்துக்குக் கிடைத்த விளைவு பூஜ்யத்துக்கும் கீழே, கழித்தல் 0.32. வாக்கியங்களை இணைத்து எழுதப் பழக்கியதில் கூட்டல் 0.50. டீச்சருடைய செவ்வாய்க்கிழமைதான் அது.

பள்ளத்தூர் வாத்தியார்:

அது இங்கிலீஷ் பிள்ளைகளை வைத்துப் பார்த்த கணக்கு, தாயி. அந்தப் பிள்ளை வீட்டில் பேசுவதும் நோட்டில் எழுதுவதும் ஏறக்குறைய ஒன்று. நம் பிள்ளை வீட்டில் 'வந்துச்சு' என்கிறது, நோட்டில் 'வந்தது' என்று எழுத வேண்டும். எழுத்துத் தமிழை வீட்டில் யாரும் பேசாதபோது பள்ளிக்கூடம்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் இலக்கணம். உங்கள் கழித்தல் 0.32 இங்கே செல்லாது.

ஆத்தங்குடிப் பொண்ணு:

சரி, அது நியாயம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தைச் சொல்லித்தர விதியைத்தான் முதலில் நீட்ட வேண்டுமா?

ரங்கூன் பெட்டி:

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். ஊர் கொத்தமங்கலம், இப்போது பெங்களூரு. வாத்தியார் ஐயா சொல்கிற மாதிரி வகுப்பில் படித்தவன் நான். சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து. இன்றைக்குக் குலதெய்வம் கோவிலுக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றால் வியர்க்கிறது.

எங்கள் பழைய வீட்டில் இரண்டாங்கட்டு அறையில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. எங்கள் ஐயாவுடைய அப்பச்சி, அதாவது தாத்தாவின் அப்பா, பர்மாவில் இருந்து எழுதிய கடிதங்கள். சந்தி கிடையாது, ஒரு முற்றுப்புள்ளி கிடையாது, ஒரே மூச்சில் இரண்டு பக்கம். ஆனால் கடைக்கணக்கு, யாருக்கு எவ்வளவு அனுப்பியது, பிள்ளைக்குக் காது குத்தியாச்சா, மழை பெய்ததா, ஊருணியில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது, எல்லாம் வரிசையாக வரும். படித்தால் ஆள் முன்னால் உட்கார்ந்து பேசுவது போல இருக்கும். அவருக்கு யார் இலக்கணம் நடத்தினார்கள்?

பள்ளத்தூர் வாத்தியார்:

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் விரல் தேய எழுதியிருப்பார். அதுவும் பயிற்சிதான் தம்பி.

முகப்புக்காரர்:

நான் ஆசிரியர் இல்லை, காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். மகள் தனியார் பள்ளியில் ஐந்தாவது. போன மாதம் 'எங்கள் ஊர்த் திருவிழா' என்று கட்டுரை. இருபதுக்குப் பதினெட்டு வாங்கி வந்தாள். சந்தோஷமாக வாசித்தேன். முதல் வரி: "எங்கள் ஊர் அழகிய ஆற்றங்கரையில் அமைந்துள்ளது." காரைக்குடியில் எந்த ஆறு, சொல்லுங்கள்! கோனார் வீட்டு மாடு குளிப்பாட்டவே ஊருணிக்குத்தான் போக வேண்டும். கைடில் இருந்து மனப்பாடம். ஒரு சந்திப்பிழை கிடையாது, வல்லினம் எல்லாம் டாண் டாண் என்று மிகுந்திருக்கிறது. ஊர்தான் இல்லை.

ஆனாலும் கேட்கிறேன், டீச்சர் முறையில் போனால் பரீட்சையில் மார்க் குறையாதா? பெற்றோர் கேட்பார்கள்.

கண்டனூர் டீச்சர்:

கேட்பார்கள் அண்ணே, கேட்டுவிட்டார்கள். பாடநூலில் 'கற்கண்டு' என்று வரும் இலக்கணப் பகுதியை நான் விடவில்லை, அது பாடநூலுக்கு ஒதுக்கிய இரண்டு பாடவேளையில் வந்துவிடும். என் கேள்வி மற்ற ஐந்தைப் பற்றி. இன்னொரு சிக்கலும் உண்டு. அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-ல் மூன்றாம் வகுப்பு வரை வந்தது, அடுத்த வருடம் நாலு, ஐந்துக்கும் வந்தது. படிக்கிற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளைப் பிரித்திருக்கிறோம். ஒரே ஏணியை வாத்தியார் ஐயா எந்தப் பிள்ளைக்குச் சாத்துவார்? அரும்பில் இருக்கிறவனுக்கு இன்னும் கொம்பும் காலும் தடுமாறுகிறது.

செவ்வாய்க்கிழமை என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், அதைப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள். போன மாதம் ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற கல் (டைல்ஸ்) போடுகிற பட்டறைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் கலர் கலந்த சிமெண்ட் குழம்பை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை வைத்து அமுக்கி மட்டம் தட்டுகிறார்கள். இறுகிய பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுகிறார்கள். கண்ணாடியை ஒட்டிக் கிடந்த பக்கம்தான் நம் வீட்டு வளவில் பளபளக்கிற முகம். பிள்ளைகள் இமைக்காமல் நின்றார்கள். ஒருத்தி மட்டும் எல்லோரும் கிளம்பின பிறகும் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் எழுதச் சொன்னேன். வந்தது இது: "கண்ணாடி வைத்தார். அச்சு வைத்தார். கலர் ஊத்தினார். அச்சு எடுத்தார். மணல் போட்டார்." தந்தி அடித்தது போல. கரும்பலகையில் அதையே எழுதி, "ஐந்தையும் ஒரே வாக்கியமாக்கு, 'ஆர்' ஒரு தடவைதான் வரலாம்" என்றேன். கால் மணி நேரம் சந்தைக்கடைதான். கடைசியில் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து சொன்னாள்: "கண்ணாடிமேல் அச்சை வைத்துக் கலரை ஊற்றி அச்சை எடுத்து மணலைப் போட்டார்." வைத்துக் கலரை, மணலைப் போட்டார். அந்த க்-கும் ப்-பும் அவள் வாயில் தானாக வந்தது. அதற்கு அப்புறம்தான் "இதற்குப் பெயர் வினையெச்சம்" என்றேன். 'ஐ' வந்தால் பின்னால் வல்லினம் மிகும் என்பதையும் அவர்களே மூன்று உதாரணம் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வாய்விட்டு வாசித்துப் பார், நாக்கே சொல்லும் என்பதுதான் என் விதி.

பள்ளத்தூர் வாத்தியார்:

இது நல்ல பாடம். ஒளிக்காமல் சொல்கிறேன், நான் வினையெச்சத்தை இப்படி நடத்தியதில்லை. தெரிநிலை, குறிப்பு என்று எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொன்னவன்.

ஆனால் நாக்கு சொல்லும் என்றீர்களே, அங்கேதான் பிடி. சந்திக்கு நாக்கு சொல்லும். ழகரத்துக்கு? நம் பக்கத்து நாக்கு 'வாளப்பளம்' என்றுதானே சொல்லும்? 'எண்ணை'க்கும் 'எண்ணெய்'க்கும் நாக்கில் என்ன வித்தியாசம்? மனம், மணம், மரம், மறம், இதெல்லாம் காதிலும் விழாது, வாயிலும் வராது. கண்ணும் கையும்தான் பழக வேண்டும். நீங்கள் எந்தப் பட்டறைக்குக் கூட்டிப் போனாலும் மூன்று சுழி ணகரம் தானாக வராது.

ஆத்தங்குடிப் பொண்ணு:

இதற்கு என்னிடம் பதில் இல்லை ஐயா. சொல்வதெழுதுதல் வேண்டும்தான். ஆனால் சொற்களை எங்கிருந்து எடுக்கிறோம்? அகராதியில் இருந்து 'ஞமலி', 'மறம்' என்று எடுக்காமல் பிள்ளைகளின் நோட்டில் இருந்தே எடுக்கலாமே. எண்ணெய், கோழி, பணியாரம், கண்டாங்கி, வெள்ளி, வாழை. தனிச்சொல்லாக இல்லாமல் வாக்கியத்துக்குள் வைத்து.

பள்ளத்தூர் வாத்தியார்:

எடுங்கள். பத்தைக் குறைக்காதீர்கள், அவ்வளவுதான்.

ரங்கூன் பெட்டி:

எல்லோரும் 'சுட்டாக'வை விட்டுவிட்டீர்களே. அந்தப் பதினொன்றில் அது பிழையா? எங்கள் வீட்டில் 'அப்பத்தா வந்தாக, ஐயா சொன்னாக' என்றுதான் பேசுவோம். அதில் சிவப்பு வட்டம் விழுந்தால் எங்கள் அப்பத்தாவுக்கே வட்டம் போட்ட மாதிரி இருக்கிறது.

பள்ளத்தூர் வாத்தியார்:

பிழை என்று நான் சொல்லமாட்டேன். நானும் வீட்டில் 'வந்தாக'தான். பாருங்கள், 'அப்பத்தா சுட்டா' என்று அந்தப் பையன் எழுதவில்லை. ஒரு ஆளுக்குப் பலர்பால் விகுதி போடுகிறான், மரியாதைக்கு. இலக்கணத்தில் அதற்கு உயர்வுப்பன்மை என்று பெயர். யாரும் நடத்தாமலே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் விகுதியை எழுத்துக்கு மாற்றத் தெரியவில்லை. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் வேறு மாவட்டத்துக்காரராக இருந்தால் 'ஆக' என்பதைப் பார்த்து விழிப்பார். அதனால் மாற்றத்தான் வேண்டும்.

கண்டனூர் டீச்சர்:

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டம் போடச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இந்தப் பக்கம் வீட்டுச் சொல், அந்தப் பக்கம் நோட்டுச் சொல். சுட்டாக, சுட்டார்கள். தின்னேன், தின்றேன். நேத்து, நேற்று. கத்துச்சு, கத்தின. இடது பக்கத்துக்குச் சிவப்பு மை கிடையாது. இன்னொரு சலுகையும் உண்டு: மேற்கோள் குறிக்குள் யார் பேசினாலும் அவரவர் பேச்சிலேயே பேசலாம். அப்பத்தா "வாப்பு, தின்னுட்டுப் போ" என்றால் அப்படியே இருக்கட்டும்.

முகப்புக்காரர்:

அந்த மேற்கோள் குறி என் மகளுக்கும் வேண்டும். அவள் கட்டுரையில் இதுவரை யாருமே பேசியதில்லை.

பள்ளத்தூர் வாத்தியார்:

கட்டம் சரி. வியாழக்கிழமை ஒரு பிழையை மட்டும் தேடுவது என்பதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. மூன்று பிழையாவது இருக்கட்டும். சாயங்காலம் பன்னிரண்டு வாரத்துக்கு ஒரு வரிசை எழுதி இங்கே போடுகிறேன். மயங்கொலியில் (ண-ன, ர-ற, ல-ள-ழ) தொடங்கும், ஒருமை பன்மை நடுவில், வல்லினம் கடைசியில். உங்கள் பிள்ளைகளின் பிழை எந்த வாரத்தில் வந்தாலும் அந்தந்தப் படியில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள்.

கண்டனூர் டீச்சர்:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ஐயா கொடுத்த வரிசையை வைத்துக்கொண்டேன், ஆனால் வல்லினத்தை முன்னால் இழுத்துவிட்டேன், பிள்ளைகள் அதில் சூடாக இருப்பதால். பிழை எண்ணிக்கையில் அவர் மூன்று, நான் ஒன்று. இப்போதைக்கு மலருக்கு மூன்று, அரும்புக்கு ஒன்று. சொல்வதெழுதுதல் காலை வழிபாடு முடிந்ததும் பத்து நிமிடம். இதற்கு நான்தான் முனகுகிறேன், பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது.

பணியாரப் பையன் திருத்தி எழுதி, 'அப்பத்தா வெள்ளைப் பணியாரம் சுட்டார்கள்' என்று வீட்டில் வாசித்துக் காட்டியிருக்கிறான். அப்பத்தா கேட்டார்களாம்: "யாருடா அது அத்தனை பேரு? நான் ஒருத்திதானே சுட்டேன்!"

பள்ளத்தூர் வாத்தியார்:

'சுட்டார்' போதும் என்று சொல்லுங்கள்.

கண்டனூர் டீச்சர்:

சொன்னேன் ஐயா. "அது மரியாதை கம்மியா இருக்கு டீச்சர்" என்கிறான்.