ரிமாண்ட் நீட்டிப்பு வி.சி.யிலேயே (வீடியோ கான்ஃபரன்ஸ்) முடிகிறது, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வக்கீல் எதைக் கவனிக்கணும்?

மஞ்சக்குப்பம்_ஜூனியர்:
கடலூர் கேப்பர் மலை சிறையில் இருப்பவரைக் கோர்ட்டுக்குக் கூட்டி வருவது கொரோனாவுக்குப் பிறகு குறைந்துவிட்டது. வாய்தாவுக்கு வாய்தா திரையில் முகம் காட்டி காவலை நீட்டிக்கிறார்கள். ஆட்சேபிக்க முடியுமா? குற்றப்பத்திரிகைக்கான 60, 90 நாள் கெடுக் கணக்கு இதனால் மாறுமா? சாட்சியும் வி.சி.யில் வந்தால் குறுக்கு விசாரணை எப்படி?

பழைய_கட்டு:
நீதிமன்றக் காவல் நீட்டிப்பை ஆட்சேபித்துப் பயனில்லை. பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 187 அதை அனுமதிக்கிறது. பழைய சி.ஆர்.பி.சி. சட்டத்தின் 167-லேயே 2009 திருத்தத்தில் வந்த வசதிதான், கொரோனா அதை வழக்கமாக்கியது. ஆனால் முதல் தடவை நேரில்தான் ஆஜர்படுத்தணும். போலீஸ் கஸ்டடி என்றால் ஒவ்வொரு தடவையும் நேரில்.

நாள் கணக்கு மாறாது. ஊரடங்கைக் காரணம் காட்டி டிஃபால்ட் பெயிலை (கெடுவுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் உரிமையாகக் கிடைக்கும் ஜாமீன்) மறுக்க முடியாது என்று எஸ். காசி வழக்கில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது (மதுரைக் கிளையிலிருந்து போன வழக்கு). ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ணணும், அது 2023 தீர்ப்பு. மார்ச் 1 ரிமாண்ட் என்றால் 60-வது நாள் ஏப்ரல் 29. அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையா, 30-ம் தேதி கோர்ட் திறந்ததும் மனு போடுங்கள். மத்தியானம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால், அதற்கு முன்பே மனு தாக்கலானதற்கு நேரத்தோடு ஆதாரம் கையில் இருக்கணும்.

காலாப்பட்டு_ரோடு:
உண்மையான இழப்பு வராந்தாப் பேச்சு. வாய்தா அன்று வழிக்காவல் போலீஸ் பக்கத்தில் நிற்க, வக்காலத்தில் கையெழுத்து, ஜாமீன்தாரர் விவரம், அலிபி (சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்த விவரம்) எல்லாம் அங்கேதான் முடியும். இப்போது சிறை மனுப் பார்வைதான் (மனு கொடுத்து உள்ளே இருப்பவரைச் சந்திப்பது) வழி. வக்காலத்தில் சிறை அதிகாரி சான்று வேண்டும், அதற்கே ஒரு நாள் ஒதுக்குங்கள். புதுச்சேரி வழக்கில் இருப்பவர் கடலூர் சிறையில் வேறு வழக்கில் உள்ளே இருந்தால், பி.டி. வாரண்ட் (வேறு வழக்கில் சிறையில் இருப்பவரை இந்தக் கோர்ட்டில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) போட்டாச்சா என்று தனியாகப் பாருங்கள். திரையில் வேறு வழக்குக்கு முகம் காட்டியதை நம் வழக்கின் ரிமாண்டாக எண்ணி ஏமாறக் கூடாது.

குற்றப்பத்திரிகை நகல் மின்னணு வடிவில் தந்தாலே தந்ததாகச் சட்டம் கருதுகிறது. உள்ளே இருப்பவர் பென் டிரைவை வைத்து என்ன செய்வார்? தாளில் கேட்டு மனு போடுங்கள்.

குறுக்கு_விசாரணை:
சாட்சிக்கு வருகிறேன். முக்கியமான நேரடி சாட்சி, அடையாளம் காட்டும் சாட்சி, இவர்களை நேரில் அழைக்கச் சொல்லி முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். டாக்டர், ஆய்வக அலுவலர் வி.சி.யில் வந்தால் பெரும்பாலும் பாதகமில்லை.

முரண்பாட்டைக் காட்ட போலீஸ் வாக்குமூலத்தைச் சாட்சி கண்ணால் பார்க்கணும். அந்தப் பக்கங்களின் நகலை எதிர்முனை ஒருங்கிணைப்பாளரிடம் (சாட்சி இருக்கும் இடத்தில் வி.சி.யைக் கவனிப்பவர்) முன்பே மூடிய உறையில் சேர்க்கச் சொல்லுங்கள், முதல் விசாரணை (சாட்சியை அழைத்த தரப்பு கேட்பது) முடியும்வரை பிரிக்கக் கூடாது. அறை முழுவதும் கேமராவில் தெரியணும். சாட்சி அடிக்கடி ஒரே பக்கம் திரும்பினால் உடனே சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். பிறகு மேல்முறையீட்டில் சொன்னால் எடுபடாது. கேள்வி குட்டையாக இருக்கட்டும், பதில் முழுசாக வரும்வரை பேசாதீர்கள். இரண்டு குரல் மோதினால் ஸ்டெனோ காதில் எதுவும் விழாது, பதிவிலும் இருக்காது.

பழைய_கட்டு:
ஒன்று விட்டுவிட்டேன். பி.என்.எஸ்.எஸ். 316-ன் கீழ் சிறையில் இருக்கும் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கோர்ட் வி.சி.யில் கேள்வி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவரின் கையெழுத்து வாங்கணும். வாங்கினார்களா என்று வழக்குக் கட்டைப் புரட்டிப் பாருங்கள்.