‘முடித்திருப்பேன்’: பிரெஞ்சில் இந்தக் காலம் உங்களுக்கு எங்கே பிடிபட்டது?

புதுச்சேரியிலிருந்து, தொடங்கி வைப்பவர்

வீட்டிலேயே பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாகிறது. எதிர்காலத்தில் ஒரு வேலை முடிந்திருக்கும் என்று சொல்லும் ‘ஃப்யுத்யுர் ஆந்தேரியோர்’ பாடம் வரும்போதெல்லாம் பலகையில் ‘ஐ ஷல் ஹாவ் ஃபினிஷ்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி, அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போவதுதான் என் வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். பிள்ளைகள் அட்டவணையை மளமளவென்று ஒப்பிப்பார்கள். பேச்சில் மட்டும் ஒருவர் வாயிலிருந்தும் அது வராது.

போன மாதம், பி2 நிலை பிரெஞ்சுத் தேர்வுக்குத் தயாராகும் ஒரு நர்ஸ், நான் எழுதிய ‘ஜோரே ஃபினி’யைப் பார்த்துவிட்டு, “மிஸ், இது நம்ம முடிச்சிருப்பேன் தானே?” என்று கேட்டாள். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருடம் இது எனக்குத் தோன்றவே இல்லை.

முடித்து, இருப்பேன். ஒரு வினையெச்சம், பின்னால் எதிர்காலத்தில் ஒரு துணைவினை. பிரெஞ்சிலும் இதே இரண்டு துண்டுகள்தான், வரிசைதான் தலைகீழ். துணைவினை முன்னால் வரும்: ஜோரே, து ஓரா, இல் ஓரா, நூ ஸோரோன், வூ ஸோரே, இல் ஸோரோன். அதன் பின் ‘ஃபினி’, ‘மான்ஜே’, ‘லு’ என்று முடிந்த வினையின் வடிவம். ‘முடித்தேன்’ என்று சொல்லும் பிரெஞ்சு இறந்தகாலமான பஸ்ஸே கொம்போசே தெரிந்தவர் துணைவினையை மட்டும் எதிர்காலத்துக்கு நகர்த்தினால் போதும்.

ஒரு வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். நமக்கு எல்லா வினைக்கும் ‘இரு’ ஒன்றுதான். பிரெஞ்சில் துணைவினை இரண்டு. பெரும்பாலானவற்றுக்கு அவ்வார். போவது, வருவது, பிறப்பது, இறப்பது, விழுவது, தங்குவது போன்ற ஒரு சிறு கூட்டத்துக்கும், தன்னைத்தானே குறிக்கும் வினைகளுக்கும் எத்ர். அதனால் ‘கிளம்பியிருப்பேன்’ என்பது ‘ஜெ செரே பார்த்தி’.

உங்களுக்கு இது எங்கே பிடிபட்டது? ஆளோடு ஆள் பேசியபோது நடந்ததாக இருந்தால் இன்னும் நல்லது. எழுதுங்கள்.

பாரிஸிலிருந்து

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். எனக்கு இது குசினியில்தான் விளங்கியது. வந்த புதிதில் ஒரு ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவும் வேலை. நாலு மாதம் கழித்து மரக்கறி வெட்ட விட்டார்கள். முதல் நாளே செஃப் சொன்னார்: “கான் து ஓரா எப்ளுஷே லே ஸோனியோன், து ஃபெரா லா சோஸ்.”

எனக்குப் பிடிபட்டது இரண்டே சொல். ஓனியோன், சோஸ். வெங்காயம், சோஸ். கடைசியாகக் காதில் விழுந்தது சோஸ் என்பதால் சட்டியை அடுப்பில் வைத்து வெண்ணெயைப் போட்டுவிட்டேன். வெங்காயம் தோலோடு அப்படியே கூடையில் கிடக்கிறது. செஃப் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். ஆனால் கத்தவில்லை. பெருவிரலைக் காட்டி “து ஓரா எப்ளுஷே” (உரித்திருப்பாய்), அடுத்த விரலைக் காட்டி “து ஃபெரா” (செய்வாய்) என்றார். இரண்டு தரம் சொன்னார். அந்த இரண்டு விரல்தான் நான் படித்த இலக்கணம். ‘ஓரா’ வந்த வேலை முன்னுக்கு, மற்றது பின்னுக்கு. இரண்டுமே இனிமேல் நடக்கப்போகிறவை.

இதில் எங்கள் தமிழ் கொஞ்சம் சறுக்கும் அக்கா. “உரித்தவுடன் சோஸ் செய்” என்றுதானே நாங்கள் சொல்லுவோம். ‘உரித்த’ என்பது இறந்தகால வடிவம். நாளைக்கு உரிக்கப்போவதைக்கூட அப்படித்தான் சொல்லுவோம். ஆங்கிலத்திலும் அந்த இடத்தில் எதிர்காலம் வராது. பிரெஞ்சுக்காரர் விடமாட்டார்கள். ‘போது’, ‘உடனே’, ‘ஆனதும்’ என்ற பொருளில் வரும் கான், லோர்ஸ்க், தே க், யுன் ஃபுவா க் எதற்குப் பிறகும், வேலை இனிமேல்தான் என்றால் எதிர்காலத்தில்தான் சொல்ல வேண்டும். நான் கன காலம் ‘கான் ஜே ஃபினி’ என்று பஸ்ஸே கொம்போசேயிலேயே சொல்லிக்கொண்டு திரிந்தேன். “எப்போதும் அப்படித்தானா, அல்லது இன்றைக்கா?” என்று கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று பிறகுதான் விளங்கியது.

லியோனிலிருந்து

அண்ணா எழுதியது எதிர்காலம். எனக்கு இந்தக் காலம் அறிமுகமானது நடந்து முடிந்த ஒரு விஷயத்தில்.

திருமணமாகி வந்த முதல் குளிர்காலம். பார்-தியூ ரயில் நிலையத்தில் கணவருக்காகக் காத்திருந்தேன். பாரிஸிலிருந்து வர வேண்டிய வண்டி வந்து, எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். அவரைக் காணோம். போனும் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான பெண்மணி விசாரித்தார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையைத் தட்டி, “இல் ஓரா ராத்தே சோன் த்ரேன்” என்றார்.

வகுப்பில் அந்த வாரம்தான் அட்டவணை படித்திருந்தேன். ‘ஓரா’ என்றால் எதிர்காலம். அப்படியானால், இனிமேல் ரயிலைத் தவறவிடப் போகிறாரா? வண்டிதான் ஏற்கெனவே வந்துவிட்டதே! குழம்பிப் போய் நின்றேன். ஒரு நிமிடம் கழித்து, அவர் சொன்னதைத் தமிழில் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தபோது சட்டென்று புரிந்தது. “ரயிலை விட்டிருப்பார்மா.” அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாராவது வரத் தாமதமானால் அம்மா சொல்கிற அதே வாக்கியம், அதே தொனி. ‘பஸ் கிடைச்சிருக்காது’, ‘தூங்கியிருப்பான்’. நடந்ததைப் பற்றி ஊகிக்க நாம் எதிர்கால வடிவத்தை எடுக்கிறோம், அவர்களும் அதையே எடுக்கிறார்கள்.

அடுத்த வண்டியில் வந்தார். ரயிலை விட்டதுதான் காரணம்.

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

எல்லா இடத்திலும் ‘இருப்பேன்’ கைகொடுக்காது என்பதற்கு ஓர் உதாரணம் தருகிறேன். பிரெஞ்சுப் பத்திரிகை நடையில் இந்தக் காலத்துக்கு மூன்றாவதாக ஒரு வேலை உண்டு. நடந்து முடிந்ததைப் பின்னால் நின்று திரும்பிப் பார்த்துக் கணக்கு முடிப்பது. ‘இல் ஓரா ஃபல்யூ அத்தாந்த்ர் 1944’ என்று ஒரு கட்டுரை தொடங்கியது. பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை தந்த ஆணை 1944 ஏப்ரல் 21ஆம் தேதி வந்தது. அவர்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 அன்று, உள்ளாட்சித் தேர்தலில். நாளும் தேதியும் தெரிந்த விஷயம், இதில் ஊகத்துக்கு இடமே இல்லை.

முதல் வரைவில் ‘காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்’ என்று எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால், ஆசிரியருக்கே சந்தேகம் என்பதுபோல் இருந்தது. ‘1944 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று’ என்று மாற்றினேன். அந்த ‘ஆயிற்று’வில்தான் பிரெஞ்சு வாக்கியத்தின் பெருமூச்சு இருக்கிறது. மறைந்தவர்களைப் பற்றிய கட்டுரைகளிலும் ‘தன் காலத்தில் முத்திரை பதித்தவர்’ என்ற பொருளில் இதே வடிவம் வரும். தமிழில் இந்த இடங்களில் இறந்தகாலத்தைத் தயங்காமல் போடுங்கள்.

மொந்த்ரேயாலிலிருந்து

எனக்கு இது ஒரு எழுத்தால் வந்த பாடம். மேற்படிப்புக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினேன். ஜூனில் இளங்கலை முடித்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். ‘ஜோரே’ என்பதைக் கடைசியில் ஓர் எஸ் சேர்த்து எழுதிவிட்டேன். நேர்முகத்தில் முதல் கேள்வியே, “ஏன் முடிக்க முடியவில்லை?”

எஸ் சேர்ந்தால் அது வேறு வடிவம். ‘நீ வந்திருந்தால் நான் முடித்திருப்பேன்’ என்கிறோமே, நடக்காமல் போனது, அதற்கானது. தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘முடித்திருப்பேன்’. பிரெஞ்சிலோ இரண்டு எழுத்துக்கூட்டல், பலர் வாயில் ஒலியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால்தான் நம்மவர்கள் இங்கே மாட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு ஆசிரியர் சொன்ன வழி: சந்தேகம் வந்தால் ‘நான்’ இருக்கும் இடத்தில் ‘நாம்’ போட்டுப் பார். ‘நூ ஸோரோன்’ என்று வந்தால் எஸ் வேண்டாம். ‘நூ ஸோரியோன்’ என்று வந்தால் வேண்டும். இன்றும் ஒவ்வொரு மின்னஞ்சலிலும் இதைச் செய்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. ‘முடித்துவிட்டால்’ என்று நிபந்தனையாகச் சொல்லும் ‘சி’க்குப் பின்னால் இந்தக் காலம் வரவே வராது. அங்கே பஸ்ஸே கொம்போசேதான்: ‘சி து ஆ ஃபினி’. ‘கான்’ என்றால் ஓரா, ‘சி’ என்றால் ஆ.

புதுச்சேரியிலிருந்து, மீண்டும்

எல்லாவற்றையும் அச்செடுத்து வகுப்பில் வாசித்தேன். குசினி கதையை இரண்டு முறை கேட்டார்கள். தம்பி, உங்கள் செஃப்பின் இரண்டு விரலை இனி நானும் பயன்படுத்தப்போகிறேன்.

லியோன் தங்கை எழுதிய ஊகத்தை இந்தப் பாடத்தோடு சேர்த்து நான் இதுவரை நடத்தியதே இல்லை, கடைசியில் ஓர் ஓரக் குறிப்பாக விட்டுவிடுவேன். இந்த முறை அதிலிருந்தே தொடங்கினேன். “இன்னும் வராதவங்க ஏன் வரலை?” என்று கேட்டேன். வண்டி பஞ்சராகியிருக்கும், மறந்திருப்பாள், தூங்கியிருப்பான் என்று தமிழில் கொட்டினார்கள். ஒவ்வொன்றையும் அப்படியே பிரெஞ்சுக்குத் திருப்பச் சொன்னேன். அட்டவணையைப் பார்க்காமல் சொன்னார்கள்.

எத்ர் வரும் இடத்தில் ஆண், பெண், ஒருமை, பன்மைக்கு ஏற்ப வினைவடிவமும் மாற வேண்டும் என்பதை மட்டும் பாதிப் பேர் இன்னும் விட்டுவிடுகிறார்கள். காதில் பெரும்பாலும் கேட்காத வித்தியாசம், எழுதும்போதுதான் தெரியும்.

அந்த நர்ஸ் போன வாரம் பிரான்சுக்குக் கிளம்பினாள். விமானம் ஏறும் முன் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள், நான் காலையில்தான் பார்த்தேன். “கான் வூ லிரே செ மெஸாஜ், ஜெ செரே அரிவே.” நீங்கள் இதைப் படிக்கும்போது நான் போய்ச் சேர்ந்திருப்பேன். ‘அரிவே’யின் கடைசியில், பெண் என்பதற்காகச் சேர்க்க வேண்டிய அந்தக் கூடுதல் எழுத்து அதன் இடத்தில் இருந்தது.