கடலூர், புதுவை மழைத் தரவை ‘ஆர்’ நிரல்மொழியில் ஒன்று சேர்ப்பது: நான்கு ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

மஞ்சக்குப்பம்:
தாலுகாவாரி மழைப்பதிவு எக்செல் கோப்புகள் பெரும்பாலும் ஒரே வார்ப்புதான். இடது ஓரம் ஊர், மேலே 1 முதல் 31 வரை தேதி, மாதத்துக்கு ஒரு ஷீட். நமக்கு வேண்டியதோ ஊர், தேதி, மி.மீ. என்று மூன்றே நெடுவரிசை. அகல அட்டவணையை நீளமாக்கும் ‘பிவோட்_லாங்கர்’ ஒரே கட்டளையில் மாற்றித் தரும். அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை இருக்கிறது.

கோப்பைப் படிக்கும்போதே, நெடுவரிசையின் வகையைச் சொல்லும் ‘கால்_டைப்ஸ்’ என்பதை ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிடுங்கள். 7ஆம் தேதியில் ஒரு ஊருக்கு மட்டும் கோடு போட்டிருந்தால் அந்த நெடுவரிசை எழுத்தாகவும் மற்றவை எண்ணாகவும் வரும். இரண்டும் கலக்காது என்று பிவோட் நின்றுவிடும். நீட்டிய பிறகு எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

ஆண்டு, மாதம், நாளைச் சேர்த்துத் தேதியாக்க ‘மேக்_டேட்’. பிப்ரவரி 30, 31 எல்லாம் ‘என்ஏ’ (மதிப்பு இல்லை) ஆகிவிடும். தேதி இல்லாத அந்த வரிகளை மட்டும் நீக்குங்கள். பிவோட்டில் ‘வேல்யூஸ்_ட்ராப்_என்ஏ’ போட்டால் அளவெடுக்காத நாட்களும் சேர்ந்து போய்விடும். பிறகு நவம்பர் மொத்தம் குறைந்தது மழை இல்லாததாலா, பதிவு இல்லாததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கோடு, காலிக் கட்டம், 0 மூன்றையும் ஒன்றாகப் பாவிக்கவே கூடாது. அடிக்குறிப்பைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

லாஸ்பேட்டை:
அண்ணா சொன்னதோடு ஊர்ப்பெயர் சிக்கலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் போர்ட்டோ நோவோ, புதியதில் பரங்கிப்பேட்டை. கடலூர் ஓ.டி. என்றால் முதுநகர். 2006 வரை பாண்டிச்சேரி, பிறகு புதுச்சேரி. எழுத்துச் சாயலை வைத்துப் பொருத்தும் பேக்கேஜ்கள் விருத்தாசலத்தின் நாலைந்து ஆங்கில எழுத்துக்கூட்டல்களுக்கு உதவும். போர்ட்டோ நோவோவுக்கு உதவாது. பழைய பெயர், இன்றைய பெயர், குறியீடு என்று கையால் ஒரு அட்டவணை போடுவதே நம்பகமானது. போட்டுவிட்டு ‘ஆன்டி_ஜாயின்’ ஓட்டுங்கள். பொருந்தாத வரிகள் மட்டும் வரும். அது பூஜ்யமாகும் வரை, இரண்டு அட்டவணைகளையும் சேர்க்கும் ‘லெஃப்ட்_ஜாயின்’ பக்கம் போகாதீர்கள்.

தமிழில் பெயர் இருந்தால் இன்னொரு தொல்லை. காட்டுமன்னார்கோயிலில் உள்ள ‘கோ’வின் உயிர்க்குறி யூனிகோடில் ஒரே குறியாகவும் இருக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது; ‘ஆர்’ கேட்டால் இரண்டும் வேறு என்று சொல்லும். ‘ஸ்ட்ரிங்ஐ’ பேக்கேஜின் ‘ஸ்ட்ரை_ட்ரான்ஸ்_என்எஃப்சி’ இதைச் சரிசெய்யும். ஆனால் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பு போட்டு ‘ள’ தட்டியிருந்தால் அதற்கும் தெரியாது. தேடி மாற்றத்தான் வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் உடையா இடைவெளியும் (நான்-பிரேக்கிங் ஸ்பேஸ்) அப்படித்தான். ஓர இடைவெளியை நீக்கும் ‘ட்ரிம்டபிள்யூஎஸ்’ சாதாரணமாக அதைத் தொடாது, ‘ஸ்ட்ர்_ஸ்க்விஷ்’ நீக்கிவிடும்.

பண்ருட்டி:
கடலூர் மாவட்டத்தில் 10 தாலுகா, 365 நாள் என்றால் 3650 வரி. தாலுகா அட்டவணையில் குறிஞ்சிப்பாடி இரண்டு முறை இருந்தால் சேர்த்த பிறகு 4015 ஆகும், மாவட்ட மொத்தமும் கூடிவிடும். ‘லெஃப்ட்_ஜாயின்’ உள்ள ‘டிப்ளையர்’ பேக்கேஜின் புதிய பதிப்பு எச்சரிக்கை தரும், ஆனால் நீளமான ஸ்கிரிப்டில் அது ஓடி மறைந்துவிடும். 1.1.1 பதிப்பிலிருந்து ‘ரிலேஷன்ஷிப்’ என்ற வசதி உண்டு. அதில் ‘மெனி-டு-ஒன்’ (பல வரிக்கு ஒரு வரி) கொடுத்தால் பிழை காட்டி அங்கேயே நிற்கும். நிற்பதுதான் நல்லது.

சேர்ப்பதற்குப் பழைய ‘மெர்ஜ்’ கட்டளையைப் பயன்படுத்துவோர் கவனிக்க: எதை வைத்துப் பொருத்துவது என்று ‘பை’யில் சொல்லாவிட்டால் ஒரே பெயருள்ள எல்லா நெடுவரிசையையும் வைத்துப் பொருத்தும். இரு பக்கமும் ‘குறிப்பு’ என்று ஒன்று இருந்தால் அதுவும் கணக்கில் வந்துவிடும். பொருந்தாதவை சத்தமில்லாமல் காணாமல் போகும். முதல் அட்டவணையின் வரிகள் எல்லாம் தங்க ‘ஆல்.எக்ஸ்’ போட மறக்காதீர்கள்.

பாகூர்:
கட்டளை சரி, பெயர் சரி, ஆனாலும் தவறாகும் இடம் தேதி. வானிலைத் துறையின் தினசரி மழை முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரையிலானது. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தது. 29ஆம் தேதி இரவு பெய்தது 30ஆம் தேதிக் கணக்கில்தான் வரும், 30 காலை 8.30க்குப் பின் பெய்தது 31இல் வரும். மணிவாரிக் காற்று அளவை இதோடு சேர்ப்பதானால், நேரத்திலிருந்து எட்டரை மணி கழித்து, வரும் தேதியில் ஒரு நாள் கூட்டுங்கள். காற்றுக் கோப்பு யூடிசி (உலகப் பொது) நேரத்தில் இருந்தால் எட்டரைக்குப் பதில் 3 மணி.

மஞ்சக்குப்பம்:
பாகூர் சார் சொன்னது பலருக்கும் தெரியாத விஷயம், நன்றி. இன்னொன்று: திரும்ப அகல வடிவத்துக்குப் போகும்போது ஒரே ஊர், ஒரே தேதிக்கு இரண்டு வரி இருந்தால் ‘டேட்டா.டேபிள்’ பேக்கேஜின் ‘டிகாஸ்ட்’ மழை அளவுக்குப் பதில் எண்ணிக்கையைப் போட்டுவிடும். அட்டவணை முழுக்க 1, 2 என்றே தெரிந்தால் முதலில் அதைப் பாருங்கள்.