பிரஷர் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்குமா?

கேள்வி (மாட்டுங்கா, மும்பை)

அம்மாவுக்கு 64 வயது. எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. மூன்றாவது வாரத்திலிருந்து வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. படுத்தால் போதும், தொண்டையில் முள் சிக்கியதுபோல் இருமத் தொடங்கிவிடுகிறார். தெருமுனை மருத்துவர் மூன்று முறை சிரப்பை மாற்றினாரே தவிர, வேறென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்கவே இல்லை. கீழ்வீட்டுப் பெரியம்மாவோ, "பிரஷர் மாத்திரை எதிர்ப்புச் சக்தியைத் தின்றுவிடும்" என்று சொல்லியிருக்கிறார். நேற்று தலையணை உறையைக் கழற்றினேன், உள்ளே ஒன்பது மாத்திரைகள்! விழுங்கிவிட்டதாகத்தான் தினமும் சொன்னார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெரியம்மா சொல்வது உண்மையா?

பதில் (செம்பூர், மருந்துக்கடையில் 22 ஆண்டுகள்)

தங்கையே, எனலாப்ரில் தடுக்கும் நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் சிதைக்கிறது. நொதி அடங்கினால் பிராடிகைனின் தேங்கி மூச்சுக்குழாயைக் கிளறும். அதனால் வருவது இந்த வறட்டு இருமல். எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் அல்ல. டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் அந்த நொதியைத் தொடுவதில்லை. மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்பதால் காசநோய்ப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

பதில் (பவாய், உயிரியல் ஆய்வு மாணவன்)

அக்கா, எதிர்ப்பு அணுக்களே இரத்த அழுத்தத்தை ஏற்றுவதில் பங்கு வகிக்கின்றன! 2007இல் அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹாரிசன் குழுவினர், டி, பி என்ற இரண்டு வகை எதிர்ப்பு அணுக்களும் இல்லாத எலிகளுக்கு, இரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளைச் செலுத்தினார்கள். மற்ற எலிகளுக்கு ஏறிய அளவுக்கு இவற்றுக்கு அழுத்தம் ஏறவில்லை. டி அணுக்களைச் செலுத்திய பிறகு ஏறியது. பி அணுக்களைச் செலுத்தியபோது ஏறவில்லை. இந்த டி அணுக்கள் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாயைச் சுற்றியும் குவிந்து அழற்சியை மூட்டுகின்றன. பெரியம்மாவின் பயத்துக்கும் ஒரு வேர் உண்டு: ஹைட்ராலசின் என்ற பிரஷர் மருந்து சிலருக்கு, எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் போன்ற நோயைத் தூண்டும், மெத்தில்டோபா என்ற இன்னொரு பிரஷர் மருந்தால் உடல் தன் சிவப்பணுக்களையே தாக்குவதும் உண்டு. அவை வேறு மருந்துகள் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

கேட்டவர், ஐந்து வாரம் கழித்து

காசநோய் இல்லை. டெல்மிசார்டன் கொடுத்திருக்கிறார்கள். எலிக்கதையைச் சொன்னேன், அம்மா இரண்டு முறை கேட்டுவிட்டு, பெரியம்மாவுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார். நேற்றிரவு இருமல் சத்தமே இல்லாததால் பதறி எழுந்துபோய்ப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.